முழு நிமிடம்

"சீர்திருத்தத்தைப் பத்தி உங்க சொந்தக் கருத்து என்ன, சிஸ்டர்?" என்று கேட்டார் அதிகாரி. நாற்பது நோயாளிகளின் நாடித்துடிப்பையும் மணிக்கொருமுறை டேப்லெட்டில் ஏற்ற வேண்டும் என்று உத்தரவு போட்டவர் அவர்தான். ஏற்றவே நேரம் போதாததால் நாங்கள் யாருடைய கையையும் தொடுவதில்லை. எழுபத்திரண்டு, எழுபத்தாறு என்று மாற்றி மாற்றிப் போடுவோம். நேற்று நோயாளி கதிரேசன் செத்து அரைமணி நேரம் கழித்தும் அவருக்கு நான் எழுபத்தாறு போட்டிருந்தேன்.

அதிகாரியின் மணிக்கட்டைப் பிடித்து, சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து எண்ணத் தொடங்கினேன். தாமதம் என்று டேப்லெட் கத்தியது.

"என்ன சிஸ்டர் இது, விடுங்க."

"ஒரு முழு நிமிஷம் சார். பேசாம இருங்க."

இருபதாவது நொடியில் சிரித்தார். நாற்பதாவது நொடியில் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். நிமிடம் முடிந்தது. நான் மறுபடியும் முதலிலிருந்து எண்ணினேன்.

"எவ்வளவு இருக்கு?"

"முதல்ல படுங்க சார்."

"எங்க?"

வார்டில் ஒரு கட்டிலும் காலியில்லை. அவர் கையை விடாமலே, சுவரோரம் சுருட்டிக் கிடந்த பாயைக் காலால் தள்ளித் தரையில் விரித்தேன்.