சூடு ஆறாத பாத்திரம்

“சீ! இதுல டீ குடிச்சா வியாதிதான் வரும்.” அக்கா டம்ளரை மூன்றாம் முறையாகக் கழுவினாள்.

அவள் வந்ததிலிருந்து ஒரு மாதமாக எங்கள் வீட்டில் இதே பாட்டுதான். கரண்டி நாறும், தலையணை உறை நாறும். என் மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள்.

ஞாயிறு விடிந்ததும் ஸ்லோ குக்கரில் பன்றிக்கறியைப் போட்டேன். மிளகு, பூண்டு, கொஞ்சம் வினிகர். மெல்லிய சூட்டில் எட்டு மணி நேரம்.

“பச்சைக்கறி வாடை குமட்டுது. வெந்தப்புறம் கூப்பிடு” என்ற அக்கா, சமையலறைப் பக்கமே வரவில்லை.

மதியம் தட்டில் எடுத்து வைத்தேன். தயங்கித் தயங்கி ஒரு துண்டை வாயில் போட்டவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“பஞ்சு மாதிரி இருக்குடா! இந்த வீட்டுல நான் அருவருப்பில்லாம சாப்பிட்டது இது ஒண்ணுதான்.”

தட்டில் தேங்கிய சாற்றைக்கூட விடாமல் மூவரும் வழித்துச் சாப்பிட்டோம்.

குக்கரின் உள்பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது அக்கா பின்னால் வந்து நின்றாள்.

“ஏன்டா, என் தொட்டியை எதுக்கு எடுத்தே? ஒரே எண்ணெய்ப் பிசுக்கு!”

“உன் தொட்டியா?”

“நீங்க வேலைக்குப் போனப்புறம் தினமும் இதுலதானே வெந்நீர் ஊத்தி, ஒவ்வொரு காலா ஊறவெச்சு, பித்தவெடிப்புத் தோலைச் சுரண்டி எடுக்கிறேன். கனமான பாத்திரம், சூடே ஆறாது. அது கிடக்கட்டும், கறி மிச்சம் இருக்கா?”

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். வாயைத் திறந்தால் வார்த்தை மட்டும் வெளியே வராது.