கண்ணாடியில் இருந்த பெயர்

நாட்டுக்குப் புதுப் பெயர் வந்த வாரம், ஊரே எரிச்சலோடு என் ஸ்டிக்கர் கடை முன் வரிசை கட்டியது. வண்டியில் பழைய பெயரைச் சுரண்டிவிட்டுப் புதியதை ஒட்டவேண்டும். ஒட்டிய வண்டிக்குள் யாராவது பழைய பெயரைச் சொன்னால், ஸ்டிக்கரில் இருக்கும் மிஷின் அதைக் கேட்டு வண்டியை நிறுத்திவிடும்.

ஆட்டோக்காரர் சவரிமுத்து அண்ணாச்சி, குடியரசு நாளில் பிறந்த தன் மகளுக்கு நாட்டின் அப்போதைய பெயரையே வைத்திருந்தார். ஆட்டோவின் பின்கண்ணாடியிலும் அதை எழுதியிருந்தார். நான் பிளேடை வைத்தேன்.

“எலேய், அது எம் மவ பேருல்லா!”

“மிஷினுக்கு அது தெரியுமா அண்ணாச்சி? வண்டிக்குள்ள அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடாதீய, அவ்வளவுதான்” என்று சிரித்துக்கொண்டே சுரண்டினேன்.

மூன்று மாதம் கழித்து அவளுக்குப் பிரசவ வலி கண்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அவள் மயங்கிச் சரிய, அண்ணாச்சி பதறிப்போய்ப் பெயர் சொல்லிக் கத்திவிட்டார். ஆட்டோ பாலத்தின் நடுவிலேயே நின்றது. அவள் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

நேற்று அண்ணாச்சி கடைக்கு வந்தார். நான் சிரித்தது எனக்கு ஞாபகம் இருந்தது. தலை நிமிரவே முடியவில்லை. அவர் திட்டவும் இல்லை.

“அவளைக் கூப்பிட வாய் வரமாட்டேங்கு. நாட்டுக்கு ஒட்டுன மாதிரி அவளுக்கும் ஒரு புதுப் பேரு ஒட்டித் தாடே.”