மலைச் சைக்கிளும் ஒரு டம்ளர் தண்ணீரும்

"காரைக்கால்ல மலை எந்தப் பக்கம் சார் இருக்கு? நான் பொறந்ததுலேருந்து பாத்ததில்லையே!"

சைக்கிள் கடை நூகு கேட்டதற்கு ராஜ்மோகன் சிரிக்கவில்லை. கொண்டுவந்த அட்டைப்பெட்டியைக் கடை வாசலில் வைத்துப் பிரித்தார். உள்ளே கறுப்பாக ஒரு மலைச் சைக்கிள் ஃபிரேம்.

"கார்பன், பாய். குலுங்காம இருக்க முன்னாலயும் பின்னாலயும் ஷாக் அப்சார்பர் மாட்டுற மாடல். ஆன்லைன்ல வரவழைச்சேன். மத்த சாமானெல்லாம் இந்த மூட்டையில இருக்கு. வெள்ளிக்கிழமை காலைல வண்டி ஓடணும்."

நூகு ஃபிரேமை ஒற்றை விரலில் தூக்கிப் பார்த்தார்.

"முருங்கைக்காய்க் கட்டு இதைவிடக் கனமா இருக்கும். மேல பளபளன்னுதான் இருக்கு. உள்ள என்ன இருக்குன்னு அல்லாவுக்குத்தான் வெளிச்சம்."

"இருக்கறதுலயே மலிவானது இதுதான். மேல பளபளப்பு இருந்தாப் போதும். எங்க தொழில்லயும் அப்படித்தான்."

"அப்ப நல்ல தொழில்தான்."

"ஒரே ஒரு கண்டிஷன் பாய். ஹேண்டில்பார்ல ஒரு டம்ளர் தண்ணி வச்சு ஓட்டுவேன். ஒரு சொட்டு சிந்தக் கூடாது. சிந்திச்சுன்னா என் குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துடும்."

நூகு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நேர்த்திக்கடனா சார்? பால்குடத்தைத் தலையிலதானே எடுப்பாங்க?"

"அப்படித்தான் வச்சுக்குங்களேன்."

இரண்டு நாள் வேலை வாங்கியது அந்த ஃபிரேம். கியர் கேபிள் கழுத்துப் பக்கம் நுழைந்து, குழாய்க்குள்ளேயே ஓடி, பின்னால் வெளியே வரவேண்டும். நுழைந்தது, வரவில்லை.

"மலிவு சாமான்ல ஓட்டை இருக்கும், வழி இருக்காது," என்றார் நூகு. ஒரு தையல் நூலை முன் ஓட்டையில் விட்டு, பின் ஓட்டையில் வாயை வைத்து உறிஞ்சினார். நூல் நாக்குக்கு வந்தது. நூலில் கேபிளைக் கட்டி இழுத்தார்.

ஸ்பானரை எடுத்ததும் ராஜ்மோகன் பதறினார். "அழுத்தி முறுக்காதீங்க பாய், கார்பன் விரிசல் விட்டுடும்."

"மலையேறப் போற வண்டியை மல்லிகைப்பூ மாதிரி தொடணுமாக்கும்!"

வியாழக்கிழமை வண்டி எழுந்து நின்றது.

"வாங்க சார், கடற்கரைப் பக்கம் நல்ல ரோடா பாத்து ஓட்டிப் பாக்கலாம்."

"வேணாம். இந்த ரோட்டுலயே பாத்துடுவோம்."

"இதுலயா? இதுக்குப் பேரு ரோடா சார்? போட்டு நாலு மாசம்தான் ஆச்சு. ஜல்லி எல்லாம் பல்லை இளிக்குது. பால் வாங்கப் போன என் பொண்டாட்டி பள்ளத்துல விழுந்து மணிக்கட்டை ஒடிச்சுக்கிட்டா. போட்டவன் மூஞ்சியைக்கூட இங்க ஒருத்தரும் பாத்ததில்ல. ஆளுங்களை அனுப்பி அரை நாள்ல தாரை எடுத்துத் தடவிட்டுப் போயிட்டான். இதைத் திரும்பப் போட வைக்காம விட மாட்டேன்னு மூணு பக்கத்துக்கு மனு எழுதி அனுப்பியிருக்கா அவ. மொத கையெழுத்து என்னுதுதான்."

"மனுவுல என்ன எழுதியிருக்காங்க?"

"யாருக்குத் தெரியும்? நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறதுக்குள்ள பொழுது சாஞ்சிடும் சார். பொண்டாட்டி நீட்டினா போட வேண்டியதுதான்."

"அதுவும் சரிதான்," என்றார் ராஜ்மோகன். அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சிரித்தார்.

முதல் ஓட்டத்தில் பாதி டம்ளர் ரோட்டுக்குப் போனது. நூகுவுக்கு ரோஷம் வந்துவிட்டது. பின் ஷாக்கில் காற்றைக் குறைத்தார். இரண்டாவது ஓட்டத்தில் கால் டம்ளர் போனது. டயரில் காற்றைக் குறைத்தார், முன் ஷாக்கின் திருகை ஒரு சுற்று திருப்பினார். மூன்றாவதில் நாலு சொட்டு. நான்காவதில் ஒன்றுகூட இல்லை.

"மாஷா அல்லா! கப்பல் சார் இது! போயிட்டு வாங்க, உங்க வேண்டுதல் நிறைவேறும்."

வெள்ளிக்கிழமை காலை ஜீப்பில் ஒரு நகராட்சி அதிகாரி வந்து இறங்கினார். தெருவே கூடிவிட்டது. நூகுவின் மனைவி ஆஸியா பீவி மாவுக்கட்டுக் கையோடு முன்னால் வந்து நின்றாள். தெருக்கோடியில் ராஜ்மோகன் சைக்கிளில் ஏறினார். ஹேண்டில்பாரில் டம்ளர், டம்ளரில் விளிம்புவரை தண்ணீர். பள்ளங்களின் மேல் மிதந்து வந்து, அதிகாரியின் முன்னால் நிறுத்தினார்.

நூகு கைதட்டினார். வேறு யாரும் தட்டவில்லை.

அதிகாரி டம்ளரை எட்டிப் பார்த்துவிட்டு, மனுவின் மூன்றாம் பக்கத்தைப் புரட்டிச் சத்தமாகப் படித்தார்: "'ரோடு ஒழுங்காகத்தான் போட்டேன் என்று காண்ட்ராக்டர் சொல்வாரானால், ஹேண்டில்பாரில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து இந்தத் தெருவில் அவரே சைக்கிள் ஓட்டிக் காட்டட்டும். எந்தச் சைக்கிளாக இருந்தாலும் சரி. ஒரு சொட்டும் சிந்தாவிட்டால் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம்.' காண்ட்ராக்டர் ராஜ்மோகன் ஓட்டிக் காட்டிட்டார். மொத கையெழுத்துப் போட்ட நூகு யாருங்க? வந்து வாபஸ் கடுதாசியில போடுங்க."

ஆஸியா பீவி சைக்கிளையே வெறித்துப் பார்த்தாள். "ஏங்க, இப்படி ஒரு சைக்கிளை எந்த மடையன் மாட்டிக் குடுத்தான்?"

நூகு கிரீஸ் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு கடுதாசியை வாங்கினார்; வாழ்க்கையில் முதல் தடவையாக, கையெழுத்துப் போடும் முன் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படிக்கத் தொடங்கினார்.