கண்ணில் படும் இடம்

"ஏம்மா, இது புத்தகக் கடையா, வேற ஏதாவதா?"

திருவொற்றியூர் தேரடி பஸ் ஸ்டாப்பே திரும்பிப் பார்த்தது. குடியிருப்போர் சங்கத் தலைவர் சுப்பராயனுக்கு மைக் தேவையில்லை. அவர் பேசினால் மைக்குதான் பயப்படும்.

கடைக்காரி தேவகிருபை கயிற்றில் புத்தகங்களைக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள். நட்டநடுவில் இங்கிலீஷ் ஃபேஷன் புத்தகம். அட்டையில் ஒரு பெண். உள்ளே கட்டுரை குளிர்காலக் கோட்டு பற்றியாம். அட்டைப் பெண்ணிடம் கோட்டும் இல்லை, மற்ற துணியும் பாதிதான் இருந்தது.

"தாய்மார்கள் நடமாடும் இடம்! இளைய தலைமுறை சீரழிகிறது! இதை எடுக்கலைன்னா ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்துக் கடையையே தூக்கிடுவேன், ஆமா!"

"முன்னாடி தொங்கவிடணும்னு சொல்லித்தான் ஏஜென்ட் தாரான் அண்ணாச்சி. இல்லேன்னா மத்த புத்தகத்தையும் போட மாட்டேங்கான். ரெண்டு பிள்ளையள வச்சிருக்கேன். இந்தக் கடைய விட்டா எனக்கு வேற நாதி இல்ல."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது."

போகிறபோது பையிலிருந்து ஒரு நோட்டீஸை எடுத்து நீட்டினார். சங்கத்தின் ஆண்டு விழா. பாதித் தாளுக்கு விழா விவரம், மீதிப் பாதிக்கு மீசையோடு அவர் முகம்.

"எல்லார் கண்ணும் படுற இடமாப் பார்த்து ஒட்டு."

"ஒட்டிருதேன் அண்ணாச்சி."

மறுநாள் ஆட்டோக்காரன் தீனா கடை முன்னால் வண்டியை நிறுத்தினான்.

"இன்னாக்கா, புது புக்கா? ஐய, சோக்கா கீதே!"

"கண்ணை எடுடா!" சுப்பராயன் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்.

"நான் இப்பத்தான் வந்தேன் தலீவரே. நீ காலீலேர்ந்து நின்னுகினு கீறியாமே?"

"நான் ஆதாரம் திரட்டுறேன்டா."

"நானும் அத்தத்தான் திரட்டுறேன். வுடு நைனா."

சுப்பராயன் செல்போனை எடுத்து அட்டையைக் கிட்டே போய் ஆறு படம் எடுத்தார். மூன்றாம் நாளும் வந்து இன்னும் ஆறு எடுத்தார். முதல் ஆறில் வெளிச்சம் சரியில்லையாம்.

நாலாம் நாள் சப் இன்ஸ்பெக்டர் இஷ்ரத்தோடு வந்து இறங்கினார். இஷ்ரத் கையில் மூன்று பக்கப் புகார்.

"தோள்பட்டை, இடுப்பு, தொடை... ஸ்கேல் வெச்சு அளந்தீங்களா சார்?"

"விளக்கமா எழுதினாத்தானே மேடம் ஆக்‌ஷன் எடுப்பீங்க? கடையை இன்னைக்கே காலி பண்ணியாகணும். நான் குடுத்த நோட்டீஸைக் கூட இந்தம்மா ஒட்டலை. அவ்ளோ திமிர்!"

தேவகிருபை முந்தானை நுனியைத் திருகினாள். "ஒட்டியிருக்கேன் மேடம்."

"எங்க ஒட்டியிருக்கே? மூணு நாளா நானும் இங்கயேதானே நிக்கிறேன்! என் கண்ணு என்ன பொட்டையா?"

"இருங்க சார். முதல்ல ஆதாரத்தைக் காட்டுங்க."

செல்போனை வாங்கி இஷ்ரத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பன்னிரண்டு படம். பன்னிரண்டும் கழுத்துக்குக் கீழேதான் ஆரம்பித்தன.

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கயிற்றில் தொங்கிய அட்டையை நிமிர்ந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"கேஸ் எழுதிடலாம் சார். படத்துல இருக்கிறவங்க பேரும் வேணும். உங்க பேரையே போட்டுடவா?"

"என் பேரா? என் பேரு எதுக்கு மேடம்?"

"கொஞ்சம் மேல பாருங்க."

சுப்பராயன் பார்த்தார். அந்தப் பெண்ணின் தோளுக்கு மேலே, அவள் முகம் இருக்க வேண்டிய இடத்தில், கச்சிதமாக வெட்டி ஒட்டப்பட்டு, மீசையோடு சிரித்துக்கொண்டிருந்தது அவர் முகம்.

சவாரிக்குக் காத்திருந்த தீனாவும் பார்த்தான். பார்த்துவிட்டு, ஏதோ மழை வருகிற மாதிரி வானத்தை ஆராய ஆரம்பித்தான்.

சுப்பராயன் இஷ்ரத்திடமிருந்து புகாரை வாங்கி, நாலாக மடித்துச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டார்.

"எப்பம்மா ஒட்டினே?" என்றார் இஷ்ரத்.

"நோட்டீஸ் குடுத்த அன்னைக்கே மேடம். எல்லார் கண்ணும் படுற எடமாப் பாத்து ஒட்டுன்னாவ, ஒட்டினேன்" என்றாள் தேவகிருபை. "மூணு நாளா ஒரு ஆம்பள கண்ணும் அங்க படல."