பதினோராம் நம்பர் சார்ட்

மார்க் போட வந்த ராயப்பராஜ் வாத்தியார் பதினோராம் நம்பர் சார்ட்டைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

'தோல் ஷாப்பைச் சுற்றி ஏழு கிணறுகள்' என்று தலைப்பு. ஒவ்வொரு கிணற்றுத் தண்ணீரிலும் ஒரே அளவு சோப்பைக் கரைத்து, எத்தனை விரற்கடை நுரை வந்தது என்று அளந்து படம் போட்டிருந்தது. ஷாப்பை நெருங்க நெருங்க நுரை குறைந்து, கடைசிக் கிணற்றில் ஒன்றுமே இல்லை. ஷாப்புக் கழிவு இறங்கிய தண்ணீரில் சோப்பு நுரைக்காது. ஷாப்பு யாருடையது என்றும் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது.

திண்டுக்கல் பள்ளிகள் சேர்ந்து நடத்தும் விஞ்ஞானக் கண்காட்சியில் இப்படியொரு வம்பா?

தோல் பதனிடும் அந்த ஷாப்பு முதலாளிதான் சாயந்திரம் பரிசு கொடுக்க வருகிறார். வாத்தியாருடைய பள்ளிக்கூடக் கமிட்டித் தலைவரும் அவரே. மூன்று வருஷமாகத் தற்காலிகமாக ஓடுகிற வேலையை நிரந்தரமாக்கும் தாளில் அடுத்த வாரம் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

"அவுக மகளும் போட்டியில சேந்திருக்காளாம் சார்" என்று காதைக் கடித்தார் கூட வந்த செபாஸ்தியம்மாள் டீச்சர். "பேரையெல்லாம் தாள் ஒட்டி மறைச்சாச்சு. எதுன்னுதான் தெரியல."

தெரியாமல் என்ன? ஏழாம் நம்பரில் சூரிய குடும்பம் ஜிகினாத் தாளில் ஜொலித்தது. பெரிய வீட்டுப் பிள்ளை வேலை என்று எழுதி ஒட்டாததுதான் குறை.

"பதினொண்ணுதான் டீச்சர் நெசமான ஆராய்ச்சி" என்றார் வாத்தியார், குரலைத் தாழ்த்தி.

"அப்ப மார்க்கைப் போடுங்க."

"போட்டா எம் பொழப்புல மண்ணு விழுந்துரும்."

ஏழுக்கு முதல் பரிசு என்று எழுதினார். பதினொன்றுக்கு நூற்றுக்குப் பத்து.

ஒட்டிய தாள்களைப் பிரித்தார்கள். ஏழாம் நம்பர் சிவனம்மாள். கடைகளுக்கு போர்டு எழுதுகிற ராமரின் மகள். வாத்தியார் மார்க் தாளை அவசரமாகப் புரட்டினார். அப்படியென்றால் முதலாளி மகளுக்கு என்ன மார்க் போட்டுத் தொலைத்தோமோ?

அதற்குள் தாவணி முனையைத் திருகிக்கொண்டு ஒரு பெண் எதிரே வந்து நின்றாள்.

"பதினொண்ணு என்னோடது சார். எம் பேரு சைதூன். அதுல என்ன தப்பு?"

இருந்த பயமெல்லாம் அவள்மேல் கோபமாகத் திரும்பியது.

"பெரிய மனுசர் பேரைப் போட்டு இப்படி எழுதலாமா? கொஞ்சமாச்சும் பயம் வேணாமாம்மா?"

"பயந்துக்கிட்டேதான் சார் எழுதினேன். அது எங்க அத்தா ஷாப்பு. ஆனா சோப்பு நுரைக்கலையே சார், நான் என்ன செய்ய?"