தடிப்பான கொடி

மேல்பாலத்தில் மெத்ரோ ரயில் ஓடுகிறபோதெல்லாம் நகைக்கடையின் கண்ணாடிப் பெட்டி மெல்ல அதிர்கிறது. உள்ளே கிடக்கும் தாலிக்கொடிகளில் மத்தியான வெயில் நெளிகிறது. மெல்லிய கொடி ஒன்றைக் கழுத்தில் வைத்துக் கண்ணாடி பார்க்கிறாள் கல்யாணப்பெண் சுபாங்கி. வெளியே நடைபாதையில் மாப்பிள்ளை நிரூபன் போனில் சிரித்துக் கதைத்துக்கொண்டு நிற்கிறான். கடைக்காரி தவமலர் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கப் படாதபாடு படுகிறாள். அவனுடைய முதல் மனைவி அறுந்த கொடியோடு இரண்டு தரம் இதே கடைக்கு வந்தவள். “குளிக்கேக்கை அறுந்துபோச்சு அக்கா” என்றவளின் பிடரியில் சிவப்பாய் ஒரு கோடு. தவமலர் ஒட்டிக் கொடுத்தாள், ஒன்றும் கேட்கவில்லை. கடை வானொலி, வேறொரு நாட்டில் செய்வதுபோல் மனைவியைத் திரும்பத் திரும்ப அடிக்கிறவர்களின் பெயர்களை ஊரறிய வெளியிடுவது சரியா என்று விவாதிக்கிறது. “இஞ்சையும் அப்பிடியொரு பேர் லிஸ்த் இருந்தால் நல்லம், என்னக்கா?” என்கிறாள் சுபாங்கி. “இவருக்கு இது ரெண்டாம் கலியாணம். முந்தின மனிசிக்குச் சரியான வாயாம்.” வானொலி விளம்பரத்துக்குப் போகிறது. தவமலர் சொல்லிவிட வாயைத் திறக்கிறாள். கதவு மணி கிணுங்க, நிரூபன் தலையை நீட்டுகிறான். “முடிஞ்சுதே?” சுபாங்கியின் கையிலிருந்த மெல்லிய கொடியைத் தவமலர் வாங்கி வைக்கிறாள். அடித்தட்டிலிருந்து இன்னொன்றை எடுத்து நீட்டுகிறாள். “இதை எடுங்கோ பிள்ளை. தடிப்பு. இழுத்தாலும் லேசிலை அறாது.”