மணலில் மூன்று விரல்

துங்திங் ஏரிக்கரை ஆமைப் பண்ணையில், குஞ்சு பொரிக்க முட்டைகளைப் புதைக்கும் மணலை அலசி, கிருமி சாக வறுத்து, ஈரம் சேர்ப்பது என் வேலை. பதமான மணலைக் கையில் இறுக்கினால் நான்கு விரலும் பதியும்.

போன மாதம், என்னோடு வேலை செய்த லுவோ அண்ணனின் சுட்டுவிரலை ஆமை கடித்துத் துண்டாக்கியது. "ஒரு விரலுக்கெல்லாம் ஆஸ்பத்திரியா? வேலையப் பாருடா!" என்றார் முதலாளி பாங். சீழ் வைத்து அண்ணன் செத்தார்.

இன்று முதலாளி என்மேல் பாய்ந்தார். "மணல் பதமா இல்லியே, கண்ணு அவிஞ்சா போச்சு?"

"நீங்களே பிடிச்சுப் பாருங்க."

இறுக்கி விரித்தார். மணல் கட்டியில் மூன்று விரல்களே பதிந்திருந்தன. சுட்டுவிரல் இருக்க வேண்டிய இடம் வழவழப்பாக இருந்தது.

தன் சுட்டுவிரலைப் பார்த்தார். அது கறுத்துக்கொண்டு வந்தது. "வண்டிய எடுக்கச் சொல்லு! ஆஸ்பத்திரிக்குப் போகணும்!"

"ஒரு விரலுக்கெல்லாமா முதலாளி?" என்றபடி அடுத்த வாணலி மணலைக் கொட்டினேன்.